மரக் குழுவில் சேரப் போகிறீர்களா? மண்வெட்டியை அப்புறம் எடுக்கலாம்

மரங்களுக்காக ஏதாவது செய்யலாம் என்று தோன்றியதும் எல்லோர் மனதிலும் முதலில் வருவது கன்று நடும் காட்சிதான். குழி, கன்று, ஒரு குடம் தண்ணீர், குரூப் போட்டோ. ஆனால் ஒரு மரக் குழுவின் ஒரு வருட வேலையை எடுத்துப் பார்த்தால் நடுவது அதில் ரொம்பச் சின்னப் பங்கு. மீதியெல்லாம் தண்ணீர் ஊற்றுவது, இறுகிப்போன கயிற்றைத் தளர்த்துவது, மரங்களை அளந்து எழுதி வைப்பது, யாரோ ஒரு அதிகாரிக்குக் கடிதம் போடுவது, பதில் வராததால் இன்னொரு கடிதம் போடுவது. இந்த மீதி வேலைக்குத்தான் ஆள் கிடைப்பதில்லை. புதிதாகச் சேருகிறவர் அங்கிருந்து தொடங்கினால் குழு அவரை விடவே விடாது.

கென்யாவில் வங்காரி மாத்தாய் 1977-ல் பசுமைப் பட்டை இயக்கத்தைத் தொடங்கினார். கன்று வளர்த்த கிராமத்துப் பெண்களுக்கு அந்த இயக்கம் ஒரு சிறு தொகை கொடுத்தது; நட்ட கன்றுக்கு அல்ல, பிழைத்த கன்றுக்கு. 2004-ல் அவருக்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது எல்லோருக்கும் தெரியும், அந்தக் கணக்கு வைக்கும் முறைதான் பலருக்குத் தெரியாது. எந்தக் குழுவை எடைபோடவும் இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரிந்து இல்லை.

குழுவைத் தேர்ந்தெடுப்பது

உங்கள் பகுதியில் குழு இருக்கிறதா என்று தெரியாவிட்டால் நூலகம், நாற்றுப் பண்ணை, பறவை பார்க்கிறவர்கள், பள்ளித் தாவரவியல் ஆசிரியர் என்று கேட்டுப் பாருங்கள். மரக் குழுக்கள் பெரும்பாலும் பலகை மாட்டிக்கொண்டு இருக்காது, நாலைந்து பேரும் ஒரு வாட்ஸ்அப் குழுவுமாகத்தான் ஓடிக்கொண்டிருக்கும். கண்டுபிடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இரண்டு வருடத்துக்கு முன் நட்டதில் இப்போது எத்தனை இருக்கிறது? எண்ணிக்கை சரியாகச் சொல்ல வேண்டும் என்றில்லை. "பாதிக்கு மேல் போய்விட்டது, அந்தப் பக்கம் ஆடு மாடு வருகிறது, அதனால் இந்த வருடம் கூண்டு வைத்தோம்" என்று சொல்கிற குழு நல்ல குழு. இத்தனை ஆயிரம் நட்டோம், அடுத்த வருடம் அதைப் போல இரண்டு மடங்கு என்று மட்டுமே பேசுகிற இடத்தில் கொஞ்சம் யோசித்துச் சேருங்கள்.

இன்னும் சில விஷயங்களை மெதுவாகக் கவனித்துக்கொள்ளலாம். நடும் இடத்துக்கு அனுமதி வாங்குகிறார்களா, வசூலிக்கிற பணத்துக்கு ரசீதும் கணக்கும் இருக்கிறதா, ஒரே ஆள் எல்லாவற்றையும் முடிவு செய்கிறாரா. கடைசியாகச் சொன்னது எல்லாக் குழுவிலும் கொஞ்சம் இருக்கும்தான், அவர் மற்றவர்களைப் பேச விடுகிறாரா என்பதுதான் முக்கியம்.

ஏற்கெனவே குழு இருக்கும்போது புதிதாக ஒன்று தொடங்கும் ஆசையை ஆறு மாதமாவது தள்ளிப்போடுங்கள். தனிக்குழு தொடங்குவது சுலபம், அதற்கு லோகோ வரைவது அதைவிடச் சுலபம். கோடையில் தண்ணீர் ஊற்ற ஆள் சேர்ப்பதுதான் கஷ்டம்.

எந்த வேலை உங்களுக்கு

உடம்பு ஒத்துழைத்தால்தான் மரவேலை செய்ய முடியும் என்று நினைத்துப் பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். முட்டி வலி உள்ளவர் மனு எழுதலாம், கணக்குப் பார்க்கலாம், புகைப்படங்களைத் தேதிவாரியாகச் சேர்த்து வைக்கலாம். வீட்டில் ஒரு மூலை காலியாக இருக்கிறவர் கடப்பாரை, மண்வெட்டி, வாளிகளை வைத்துக்கொள்ள இடம் கொடுக்கலாம், இதுவே பெரிய உதவி. வண்டி ஓட்டத் தெரிந்தவருக்கு எப்போதும் வேலை இருக்கும். உங்களால் வாரம் எவ்வளவு நேரம் ஒதுக்க முடியும் என்று முதல் நாளே உண்மையாகச் சொல்லிவிடுங்கள். எல்லா வேலைக்கும் கை தூக்கிவிட்டு மூன்றாவது வாரம் காணாமல் போகிறவரைவிட, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் தவறாமல் வருகிறவரை நம்பித்தான் குழு திட்டம் போடும்.

முதல் நாளுக்கு மூடிய செருப்பு அல்லது ஷூ, முழுக்கைச் சட்டை, தொப்பி, குடிக்கத் தண்ணீர், தோட்டக் கையுறை போதும். புதுக் கருவி எதுவும் வாங்க வேண்டாம்.

தண்ணீர்

உங்களிடம் வரும் முதல் வேலை அநேகமாக இதுதான். பத்துப் பதினைந்து கன்றுகளைக் காட்டி, இவை உங்கள் பொறுப்பு என்று சொல்வார்கள். புதிதாக நட்ட கன்றுக்கு வேர் இன்னும் பழைய மண்ணுருண்டைக்குள்தான் இருக்கும், அந்த உருண்டை சீக்கிரம் காய்ந்துவிடும். அதனால் முதல் சில வாரங்கள் அடிக்கடி ஊற்ற வேண்டும். அப்புறம் இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போய், ஊற்றும்போது நன்றாக ஆழம் வரை இறங்கும்படி நிதானமாக ஊற்ற வேண்டும். தினமும் மேலாக ஒரு குவளை தெளித்தால் வேரும் மேலேயே நின்றுவிடும், முதல் வறட்சியிலேயே கன்று தலை தொங்கிப்போகும்.

எவ்வளவு ஊற்றுவது என்பதற்குச் சூத்திரம் தேடாதீர்கள். விரலையோ ஒரு குச்சியையோ மண்ணில் இரண்டு மூன்று அங்குலம் செருகிப் பாருங்கள், ஈரம் ஒட்டினால் இன்று வேண்டாம். வேருக்கும் காற்று வேண்டும். தண்ணீர் தேங்கிக்கொண்டே இருந்தால் அழுகிவிடும். அக்கறை அதிகமாகிச் செத்த கன்றுகளும் இருக்கின்றன. இந்தக் கவனிப்பு ஒரு மாதத்தோடு முடிவதில்லை, இரண்டு மூன்று வருடம் ஓடும். மரக் குழுவில் சேருவது என்றால் உண்மையில் இதற்கு ஒப்புக்கொள்வதுதான்.

சரி, நடும் நாள்

வரும், உற்சாகமான நாள்தான், ஆனால் அன்றைக்குத்தான் அதிகத் தவறுகள் நடக்கின்றன, கூட்டம் அதிகம், அவசரம் அதிகம், யாராவது முக்கியஸ்தர் வந்து சீக்கிரம் கிளம்ப வேண்டியிருக்கும். உங்கள் கையில் வரும் குழியையாவது சரியாகச் செய்யுங்கள்.

குழி அகலமாக இருக்கட்டும், வேருருண்டையின் அகலத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு. ஆழம் மட்டும் உருண்டையின் உயரத்துக்கு மேல் போகக் கூடாது. தண்டு வேராக விரியும் இடம், வேர்க்கழுத்து என்பார்கள், அது தரைமட்டத்தில் கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஆழமாக நட்டால் பலமாக நிற்கும் என்பது பரவலான தப்பெண்ணம். மண்ணுக்குள் புதைந்த தண்டின் பட்டை மெதுவாக அழுகும், மரம் பல வருடம் கழித்து ஏன் என்று தெரியாமலே பட்டுப்போகும். பிளாஸ்டிக் பையை முழுசாக உருவி எடுங்கள், கிழித்துவிட்டு அப்படியே வைக்காதீர்கள். பைக்குள் வேர் வட்டமாகச் சுற்றியிருந்தால் அதைப் பிரித்துவிடவோ வெட்டிவிடவோ வேண்டும், இல்லையென்றால் அந்த வளையமே தடித்து, பின்னாளில் மரத்தின் கழுத்தை நெரிக்கும்.

தோண்டிய மண்ணையே திரும்பப் போடுவது போதும். சுற்றிப் பாத்தி கட்டி, காய்ந்த இலையோ மரத்தூளோ இரண்டு மூன்று அங்குல உயரத்துக்கு மூடாக்குப் போடுங்கள், தண்டை ஒட்டிக் கொஞ்சம் இடைவெளி விட்டு. மூடாக்கைத் தண்டைச் சுற்றிக் குவித்து வைப்பது அழகாகத் தெரியும், பட்டைக்குக் கெடுதல். ஊன்றுகோல் தேவைப்பட்டால் மட்டும், அதையும் தளர்வாகக் கட்டுங்கள். காற்றில் கொஞ்சம் ஆடினால்தான் தண்டு தடிக்கும். ஒரு வருடம் கழித்து அந்தக் கயிற்றை அவிழ்க்க யார் வருவது என்று அன்றைக்கே பெயர் எழுதிக்கொள்ளுங்கள். இரும்புக் கூண்டும் அப்படித்தான், காப்பாற்ற வைத்தது பட்டைக்குள் புதைந்து மரத்தை அறுப்பதை எந்தச் சாலையோரத்திலும் பார்க்கலாம்.

எந்த மரம் நடுவது என்ற சண்டை எல்லாக் குழுவிலும் வரும். நாட்டு மரமா, வேகமாக வளர்வதா, பூ மரமா. நான் நாட்டு மரத்தின் பக்கம், ஆனால் அதைவிட முக்கியம் கலந்து நடுவது. ஃபிராங்க் சாண்டமோர் என்ற அமெரிக்க மரபியலாளர் 1990-ல் ஒரு வழிகாட்டி சொன்னார்: ஒரு ஊரின் மரங்களில் ஒரே இனம் 10 சதவீதத்துக்கும், ஒரே பேரினம் (நெருங்கிய இனங்களின் தொகுதி) 20-க்கும், ஒரே குடும்பம் (பேரினங்களின் தொகுதி) 30-க்கும் மேல் போகக் கூடாது. காரணம் நோய். ஒரே வகை மரங்களாக வரிசை வரிசையாக இருந்த எல்ம் மரங்களை ஒரு பூஞ்சை நோய் தாக்கியதில் பிரிட்டனில் மட்டும் 2.5 கோடிக்கும் மேல் அழிந்தன. மேலே மின்கம்பி போகிறதா, கீழே குழாய் போகிறதா என்றும் பாருங்கள். தப்பான இடத்தில் நட்ட நல்ல மரத்தைப் பத்து வருடம் கழித்து வெட்டச் சொல்லி யாராவது வருவார்கள், அவர் பக்கமும் நியாயம் இருக்கும்.

ஆணி, கம்பி, கிளை

பெரிய மரங்களுக்குக் குழு செய்யும் சேவையில் ஆணி பிடுங்குவது எல்லோருக்கும் பிடித்தது, உடனே பலன் தெரிகிற வேலை. நேராக இழுங்கள், ஆட்டி ஆட்டிப் பெரிதாக்க வேண்டாம். பட்டை மூடி உள்ளே போய்விட்ட ஆணியைத் தோண்டாதீர்கள், அதை எடுப்பதில் வரும் காயம் ஆணியைவிடப் பெரிது. இறுகிய கம்பியும் அப்படியே, வெளியே தெரிகிற பகுதியை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, புதைந்ததை விட்டுவிடலாம். மரத்தில் விளம்பரம் அடித்தவரோடு வாக்குவாதம் செய்வது குழுவாகப் போகும்போது மட்டும்.

கவாத்து, அதாவது கிளை வெட்டுகிற விஷயத்தில் மட்டும் கொஞ்சம் பொறுமை. மரத்துக்கு நம்மைப்போல் புண் ஆறுவதில்லை. காயம்பட்ட திசுவை அது புதுப்பிப்பதில்லை, சுற்றிச் சுவர் எழுப்பி அடைத்துவிட்டு அதன்மேல் புதிதாக மரத்திசுவை வளர்க்கிறது. அமெரிக்க வனத்துறையில் வேலை செய்த அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காக அறுத்துப் பார்த்து இதை விளக்கியவர். அவரிடமிருந்து வந்த நடைமுறை இதுதான்: கிளை தண்டில் சேரும் இடத்தில் சற்றுப் புடைத்த ஒரு வளையம் இருக்கும், அதை வெட்டக் கூடாது, அதற்கு வெளியே ஒட்டி வெட்ட வேண்டும். நீளமாகக் கட்டை விடவும் கூடாது. வெட்டிய இடத்தில் பெயிண்ட், தார் பூசத் தேவையில்லை.

தரையில் நின்று கைக்கு எட்டுகிற, விரல் கனக் கிளைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஏணி, மின்ரம்பம், மின்கம்பிக்குப் பக்கத்துக் கிளை, இவையெல்லாம் பயிற்சி பெற்றவர்கள் வேலை. ஆர்வத்தில் ஏறுகிறவரைத் தடுப்பதும் தன்னார்வலர் கடமைதான்.

எண்ணுவதும் அளப்பதும்

மரக் கணக்கெடுப்பு என்றால் பலருக்கும் கொட்டாவி வரும். எனக்கு என்னவோ குழு செய்கிற வேலைகளிலேயே இதுதான் பிடித்தது. நியூயார்க் நகரத்தில் 2015-ல் தொடங்கிய தெருமரக் கணக்கெடுப்பில் 2,200-க்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் கலந்துகொண்டார்கள், 6,66,000 மரங்களுக்கும் மேல் பதிவாகின. ஒவ்வொரு மரமும் இன்ன இடத்தில், இன்ன இனம், இன்ன பருமன் என்று. உங்கள் குழுவுக்கு நாலு தெரு போதும்.

தேவை ஒரு தையல் டேப், ஒரு நோட்டு, ஒரு போன். தரையிலிருந்து சுமார் 1.3 மீட்டர் உயரத்தில், நெஞ்சு உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், தண்டின் சுற்றளவை அளக்க வேண்டும். அதை 3.14-ஆல் வகுத்தால் விட்டம். சரிவில் நிற்கும் மரத்தை மேட்டுப் பக்கம் நின்று அளக்க வேண்டும். இனம் தெரியாவிட்டால் ஊகித்து எழுதாதீர்கள். இலையின் இரு பக்கமும், பட்டை, பூ அல்லது காய், மரத்தின் முழு உருவம் என்று படம் எடுத்து வைத்தால் தெரிந்தவர் சொல்லிவிடுவார். கூடவே பொந்து, கூடு, சிமெண்ட் பூச்சு, ஆணி, பட்ட கிளை என்று கண்ணில் படுவதையும் ஒரு வரி எழுதுங்கள். இந்த நோட்டுதான் பின்னால் ஒரு மரத்தைக் காப்பாற்றும்போது கையில் இருக்கிற ஒரே ஆயுதம்.

கொண்டாடுவது

காப்பாற்றுவது மட்டுமே வேலை என்று இருந்தால் குழு சீக்கிரம் களைத்துவிடும், எந்த நேரமும் கோபத்திலேயே இருக்கிற குழுவில் புதியவர்கள் நிற்க மாட்டார்கள். 1872 ஏப்ரல் 10 அன்று அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் மரமே குறைவான புல்வெளி நிலத்தில் முதல் மர நாளைக் கொண்டாடினார்கள், அது அப்புறம் பல நாடுகளுக்குப் பரவியது. உங்கள் குழு எந்தத் தேதியையும் எடுத்துக்கொள்ளலாம். ஒரு மரம் பூக்கிற வாரம் நாட்காட்டியில் இருக்கிற தேதியைவிட நல்லது.

மர நடை நடத்துவது சுலபம், ஒரு மணி நேரத்துக்கு எட்டு மரத்துக்கு மேல் வைக்காதீர்கள். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு விஷயம் சொல்லுங்கள். விதை எப்படிப் பறக்கிறது, எந்த வண்ணத்துப்பூச்சி இதில் முட்டையிடுகிறது, இலையைக் கசக்கினால் என்ன வாசனை. அறிவியல் பெயரைச் சொல்லி மிரட்ட வேண்டாம். குழந்தைகளிடம் வெள்ளைத்தாளையும் மெழுகுக் கிரேயானையும் கொடுத்துப் பட்டையின்மேல் தேய்க்கச் சொன்னால் அரை மணி நேரம் உங்களுக்கு ஓய்வு.

மெல்பர்ன் நகராட்சி 2013 வாக்கில் தன் மரங்கள் ஒவ்வொன்றுக்கும் எண்ணும் மின்னஞ்சல் முகவரியும் கொடுத்தது. முறிந்த கிளை, நோய் என்று புகார் சொல்வதற்காகத்தான். மக்களோ மரங்களுக்கே கடிதம் எழுத ஆரம்பித்துவிட்டார்கள், தினமும் உன்னைக் கடந்துதான் கல்லூரி போகிறேன் என்கிற மாதிரி. நகராட்சி ஊழியர்கள் சிலவற்றுக்கு மரத்தின் பெயரிலேயே பதிலும் போட்டார்கள். உங்கள் நடையின் கடைசியில் ஒரு அட்டையைக் கொடுத்து ஏதாவது ஒரு மரத்துக்கு நாலு வரி எழுதச் சொல்லிப் பாருங்கள், பேசாமல் வந்தவர்தான் நிறைய எழுதுவார்.

வெட்டப் போகிறார்கள் என்று தகவல் வந்தால்

முதலில் உண்மையா என்று பாருங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் "நம் மரத்தை வெட்டுகிறார்கள்" பாதி நேரம் கிளை கழிப்பதாக இருக்கும். உண்மை என்றால் அன்றைக்கே போய் மரத்தின் முழுப் படம், அடி, கூடு, சுற்றிலும் குறியிட்ட இடங்கள் எல்லாவற்றையும் தேதியோடு எடுங்கள். யார் உத்தரவு, எதற்காக, அனுமதி நகல் எங்கே என்று மரியாதையாகக் கேளுங்கள். வேலைக்கு வந்திருக்கும் தொழிலாளியிடம் சண்டை போடாதீர்கள், முடிவு எடுத்தவர் அவர் இல்லை. போனில் பேசியதையெல்லாம் எழுத்திலும் அனுப்பி ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். சட்டம் இடத்துக்கு இடம் மாறும், அதனால் உங்கள் ஊரில் மரம் வெட்ட யார் அனுமதி தர வேண்டும் என்பதைப் பிரச்சினை வருவதற்கு முன்பே குழு தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

"வெட்டாதே" என்பதோடு நிற்காமல் மாற்று வழி கொண்டு போங்கள். பள்ளத்தை இரண்டு மீட்டர் தள்ளித் தோண்ட முடியுமா, நடைபாதையை வளைக்க முடியுமா. இங்கே அளவுகள் உதவும். கட்டுமான இடங்களில் மரங்களைக் காப்பதற்கான பிரிட்டிஷ் தரநிலை, பிஎஸ் 5837, தண்டு விட்டத்தைப் போல 12 மடங்கு ஆரமுள்ள வட்டத்தை வேர்ப் பாதுகாப்புப் பகுதியாக எடுத்துக்கொள்கிறது. 157 செ.மீ. சுற்றளவு என்றால் விட்டம் 50 செ.மீ., ஆரம் 6 மீட்டர். மரத்தின் வேர்கள் பெரும்பாலும் மேல் 60 செ.மீ. மண்ணிலேயே பக்கவாட்டில் பரவியிருக்கும், அதனால் கேபிள் போடத் தோண்டும் சின்னப் பள்ளம்கூட பாதி வேரை அறுத்துவிடும். மரத்தைத் தொடவே இல்லையே என்று அவர்கள் சொல்வார்கள், உண்மையாகவே அப்படித்தான் நம்புவார்கள்.

இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரத்தில் சாலைச் சீரமைப்பு என்ற பெயரில் ஆயிரக்கணக்கான தெருமரங்கள் வெட்டப்பட்டபோது 2014 முதல் 2018 வரை மக்கள் போராடினார்கள், சிலர் கைதும் ஆனார்கள், 2018-ல் வெட்டுவது நிறுத்தப்பட்டது, 2023-ல் சுயாதீன விசாரணை அறிக்கையும் வந்தது. அங்கே தப்பிய மரங்களில் ஒன்று ஒரு எல்ம். அதில் ஒரு அரிய வண்ணத்துப்பூச்சி வாழ்ந்துகொண்டிருந்தது, அது உள்ளூர்க்காரர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சில மரங்களை வெட்டத்தான் வேண்டும். அடி உளுத்து, பள்ளிக்கூட வாசல் பக்கம் சாய்ந்து நிற்கும் மரத்துக்காகவும் கொடி பிடிக்கிற குழுவின் பேச்சை அடுத்த முறை யாரும் கேட்க மாட்டார்கள். அதேபோல் இலைக்குப்பை, சுவர் விரிசல், கார்மேல் பறவை எச்சம் என்று குறை சொல்லும் பக்கத்து வீட்டுக்காரரை மரத்தின் எதிரி என்று முத்திரை குத்தாதீர்கள். அந்த இலையைத் தினமும் கூட்டுவது அவர்தானே. வாரம் ஒருமுறை போய்க் கூட்டிக் கொடுத்து, அதையே மூடாக்காக எடுத்துக்கொண்டு வந்துவிடலாம்.

விலகும்போது

வீடு மாறும், வேலை மாறும், சலிப்பும் வரும். தவறே இல்லை, சொல்லாமல் விலகுவதுதான் தவறு. நீங்கள் பார்த்துக்கொண்ட கன்றுகளின் பட்டியலை அடுத்தவருக்குக் கொடுத்து, ஒரு மாலை கூட்டிக்கொண்டு போய் ஒவ்வொன்றாகக் காட்டுங்கள். எதில் கயிறு தளர்த்த வேண்டும், எதன் பாத்தி கரைந்துவிட்டது, எந்த வீட்டில் கேட்டால் குழாயில் தண்ணீர் பிடிக்க விடுவார்கள் என்பதெல்லாம் நோட்டில் இருக்காது, வாயால்தான் சொல்ல வேண்டும். கருவிப் பெட்டிச் சாவியையும் மறக்காமல் கொடுத்துவிடுங்கள்.